ஏதோ இருக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், வருகிற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. "ஏதோ இருக்கு" என்றால் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். "பரவாயில்ல" என்றால் போன தடவையைவிட மேல். "என்னத்தச் சொல்றது போங்க" என்று ஒருவர் சலித்துக்கொண்டால் அறுத்து வைக்க வீட்டில் இடம் பற்றாது. நிஜமாகவே பயிர் கெட்டுப்போனவர் பதிலே சொல்லமாட்டார், தலையைக் குனிந்துகொண்டு வேறு வழியாகப் போய்விடுவார். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. பேச்சு வரும்போதே இதுவும் கூட வந்துவிடுகிறது.

இந்தப் பாஷையில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பார். நல்ல மழை பெய்ததாமே என்றால் ஒண்ணுமில்ல. மாடு கன்று போட்டதாமே என்றால் ஒண்ணுமில்ல. அதனால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஒண்ணுமில்லை இந்தப் பக்கம் வந்தாரா?" என்று ஒருவர் கேட்பதும், "இப்பதான் ஒண்ணுமில்லை டீ குடிச்சிட்டுப் போறாரு" என்று இன்னொருவர் சொல்வதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். வெளியாட்கள்தான் முழிப்பார்கள்.

அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவதற்கு ரத்த உறவெல்லாம் காரணமில்லை. வாய்க்கால் பாலத்தை ஒட்டி என்னுடைய மோட்டார் ரிப்பேர் கடை. பாலத்துக்கு அந்தப்புறம் அவருடைய வயல், வயலின் தலைமாட்டில் அவருடைய வீடு. கடை வாசலில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தால் வயல் முழுக்கக் கண்ணில் விழும். இத்தனை வருஷமாக ஒருவர் முதுகை இன்னொருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறோம். அண்ணன் தம்பி ஆவதற்கு அது போதாதா?

அந்த வருஷம் அவர் நாட்டுச் சோளம் போட்டிருந்தார். ஆட்கள் நிலத்தை அப்படியப்படியே போட்டுவிட்டு டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தரிசைப் பார்த்துப் பார்த்து அரசாங்கத்துக்கே கலக்கம் வந்திருக்க வேண்டும். தானியம் விதைக்கிறவர்களுக்கு மானியம் என்று அறிவித்தார்கள். அந்த மானியத்தில் யாரும் மாடி கட்டிவிட முடியாது. ஆனால் அடுத்த விதைப்புக்கு விதையும் டீசலும் அதில் வந்துவிடும், அது வந்தால்தான் அடுத்த விதைப்பே.

அண்ணி அதில் கறாராக இருந்தார். அவருடைய தம்பி டவுனில் பேக்கரி வைத்திருக்கிறான். அக்காவையும் மாமாவையும் வரச் சொல்லி ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா மாவு பிசையட்டும், அக்கா கல்லாவில் உட்காரட்டும், மேலே ஒரு அறை சும்மாதானே கிடக்கிறது என்றான். அண்ணி போய் அந்த அறையைப் பார்த்துவிட்டும் வந்தார். ஒரே ஒரு ஜன்னல், திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். "மானியம் வந்தா இங்க. வரலேன்னா அங்க. இதுக்கு மேல என்னால இழுத்துக்கிட்டு ஓட முடியாது" என்று என் கடையில் வைத்துத்தான் சொன்னார். அண்ணன் சரி என்றார். 

ஆனால் அந்தச் சோளம்! அதைப் பற்றி நான் என்ன சொல்ல. நான் இந்தப் பக்கத்து ஆள் என்பதையும் மறந்து சொல்கிறேன், அப்படி ஒரு பயிரை நான் பார்த்ததில்லை. மழை யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது போலப் பெய்தது. விதைத்ததும் ஒன்று. களை எடுத்து முடித்ததும் ஒன்று. நடுவில் வெயில் வேண்டிய சமயத்தில் வெயில். அண்ணன் ஏரைப் பிடித்துச் சால் ஓட்ட, அண்ணி பின்னாலேயே விதை விட்டுக்கொண்டு போனதை நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முளை அடர்ந்த இடத்தில் இரண்டு பேரும் குனிந்து அதிகப்படி முளையைப் பிடுங்கிக் கலைத்துவிட்டார்கள். அப்போது இரண்டு முதுகுகள் தெரிந்தன. கொஞ்ச நாளில் இரண்டு தலைகள்தான் தெரிந்தன. அப்புறம் ஆளே தெரியவில்லை, பேச்சு மட்டும் வந்தது. அதிலும் அண்ணியின் பேச்சுதான். நடுநடுவே ஒரு "ம்".

மத்தியான வேளையில் கடையில் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கண் செருகிவிடும். காற்றில் சோளத்தோகை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல இருக்கும். கையில் செம்புக் கம்பி அப்படியே நின்றுவிடும். எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மறந்து திரும்ப அவிழ்த்துச் சுற்றியிருக்கிறேன். கஸ்டமர்கள் வந்து திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சத்தம் எல்லா வருஷமும் கிடைக்குமா?

கதிர் பால் பிடித்த சமயத்தில் அண்ணி நாலு கதிரை ஒடித்துத் தணலில் வாட்டி, கசக்கி ஊதி, துணியில் முடிந்து எடுத்து வந்தார். வாயில் போட்டால் இனிப்பு, கூடவே லேசான புகை வாசம். பின்னாலேயே அண்ணன் வந்தார். நான் வாய் நிறையச் சோளத்தோடு, "எப்படிண்ணே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். முகவாய் மேலே தூக்கியிருந்தது. அவ்வளவு பெருமையாக ஒருவர் ஒண்ணுமில்ல என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் மானியத்துக்காகப் பயிர்க் கணக்கெடுப்புக்காரர் வந்தார்.

முன்பு ஒருவர் இருந்தார், வயசானவர், எங்கள் மொழி அறிந்தவர். ஏதோ இருக்கு என்றால் சிரித்துக்கொண்டே நல்ல விளைச்சல் என்று எழுதிக்கொள்வார். அவர் ஓய்வு பெற்றுப் போய், புதிதாக ஒரு இளைஞர் வந்திருந்தார். எந்நேரமும் குடையும் கையுமாக இருந்ததால் குடைக்காரர் என்று பெயர் வைத்தோம். வெகு தூரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மரியாதைக்காரர். எல்லோரையும் ஐயா அம்மா என்பார். கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலை உள்ளது உள்ளபடி எழுதிக்கொள்ளும் ரகம்.

அவர் வந்த அன்று விடிந்தும் விடியாத மாதிரி ஒரே பனிமூட்டம், அதோடு தூறல் வேறு. நான் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கிணற்றில் இறங்கி மோட்டாரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். நடந்ததை இரண்டு பேர் வாயிலிருந்தும் பிற்பாடு தனித்தனியாகக் கேட்டேன். பாலத்தின் மேல் நின்றுகொண்டு பார்த்தால் வயல் இருக்கிற திசையில் வெறும் வெள்ளைதானாம். வரப்பு வழுக்கியது. குடைக்காரர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஐயா, உங்க வயல்ல என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் ஒண்ணுமில்லைங்க என்றார்.

குடைக்காரர் நல்லவர் இல்லையா, அதனால் இன்னொரு தரமும் கேட்டிருக்கிறார். ஒண்ணுமே இல்லையா ஐயா என்று. அண்ணன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். இந்தப் பிள்ளை நம்ம பயிரைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டுத்தான் இத்தனை ஆசையாக விசாரிக்கிறது என்று நினைத்து, "ஒண்ணுமே இல்லைங்க" என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார். குடைக்காரர் வருத்தத்தோடு தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார். அண்ணனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கொஞ்சம் கூடுதலாகப் பீற்றிக்கொண்டோமோ என்று வெட்கமாகக்கூட இருந்ததாம்.

மானியம் விழுந்த அன்று எங்கள் பக்கத்தில் எல்லார் ஃபோனும் சிணுங்கியது. டீக்கடையில் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏதோ வந்திருக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அண்ணி குருவி விரட்டுகிற இடத்துக்கும் ஃபோனை எடுத்துப் போனார். ஒரு கையில் தகரம், ஒரு கையில் ஃபோன். தகரம் மட்டும்தான் சத்தம் போட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மேல் பொறுக்காமல் அண்ணி தனியாகப் பஸ் ஏறி விவசாய ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. என் கடை வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரையும் மளமளவென்று குடித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி சிரிப்பால் வந்ததில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"வயல் காலியா கிடக்குன்னு போட்டிருக்காங்க தம்பி. யார் சொன்னதுன்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரர்தான்னாங்க."

ஆபீஸில் இருந்த அம்மா எரிந்து விழவில்லையாம். பொறுமையாகத்தான் விளக்கியிருக்கிறார். வயல்காரர் தன் வாயால் சொன்னதை வேறு யாரும் மாற்ற முடியாது. அவரே நேரில் வந்து, என்ன பயிர், எப்படி இருக்கிறது என்று வாக்குமூலம் தர வேண்டும். கூட ஒரு சாட்சி வேண்டும். அதை வாங்கிக்கொண்டுதான் வயலைப் பார்க்கத் திரும்ப ஆள் அனுப்ப முடியும். கதிர் அறுப்பதற்குள் இது நடந்தாக வேண்டும், அறுத்த பிறகு பார்த்தால் தட்டைதானே இருக்கும். எல்லாம் நியாயமான பேச்சு. அண்ணனுக்கு மட்டும்தான் அது மலையாக இருந்தது.

அவர்கள் வீட்டு ஸ்டார்ட்டரைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு நான் போனபோது பேச்சு முற்றியிருந்தது. சமையல்கட்டில் அண்ணி ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புகை. அண்ணன் நிலைப்படியில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே தீட்டிய அரிவாள் என்பது எனக்கே தெரிந்தது. நான் திரும்பிப் போகப் பார்த்தேன். அண்ணி விடவில்லை.

"உக்காருங்க தம்பி. நீங்களே கேளுங்க இந்த நியாயத்தை. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை. வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டாராம்."

"சொல்லமாட்டேன்னு யார் சொன்னா? வயலை வந்து பாத்துக்கட்டும்ங்கிறேன்" என்றார் அண்ணன்.

"நீங்க சொன்னாத்தான் வருவாங்க. எத்தனை தடவை சொல்றது?"

அண்ணன் அரிவாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்டினார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார். "எங்க அண்ணன் இதே வயல்ல, அதோ அந்த வரப்புல நின்னு சொன்னாரு தம்பி. சத்தமா. இப்படி ஒரு பயிரை எவனாவது எடுத்துக் காட்டட்டும்னு. அன்னைக்குச் சாயங்காலமே ஆலங்கட்டி. காலையில போய்ப் பாத்தா வயல்ல நட்டமா நின்னது நாங்க ரெண்டு பேருதான். அதோட அவர் நிலம் வேண்டாம்னு போனவரு. பேசறதையே குறைச்சுட்டாரு."

"மழை என்ன உங்க அண்ணன் பேச்சைக் கேட்டுக்கிட்டா இருந்துச்சு?"

"மழை கேக்கல. காத்து கேட்டுச்சு."

இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் வாய்க்கால் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குக்கூட ஒரு கணம் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

அண்ணி ஊதுகுழலைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. அது சண்டைக் குரலைவிடப் பயமாக இருந்தது.

"பயிரை விடுங்க. போன மழைக்காலத்துல காய்ச்சல்ல கிடந்தேனே, பிழைப்பேனான்னு இருந்துச்சே. காய்ச்சல் விட்டதும் என் தம்பி ஃபோன் பண்ணி அக்கா எப்படி இருக்கான்னு கேட்டான். நீங்க என்ன சொன்னீங்க? ஏதோ இருக்கான்னீங்க. உள்ள படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அர்த்தம் தெரியாமலில்ல, ஆனாலும் இத்தனை வருசம் கூட இருந்ததுக்கு ஏதோ இருக்காங்கிறதுதான் மிச்சமான்னு அழுதேன். அது தெரியுமா உங்களுக்கு?"

அண்ணன் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி மறுபடி குனிந்து அடுப்பை ஊத ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அண்ணன் தனக்குத்தானே சொல்வது போல, "அப்படிச் சொன்னதாலதான் எந்திரிச்சு உக்காந்துட்டயில்ல" என்றார். ஊதுகிற சத்தத்தில் அண்ணிக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்த ஸ்டார்ட்டரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணன் வருகிறேன் என்றார். சாட்சி நான். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வழி நெடுகக் கண்ணை மூடவுமில்லை, வெளியே பார்க்கவுமில்லை. பஸ் தரிசுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. சில இடத்தில் புல் வெள்ளையாகப் பூத்து, காற்றில் தண்ணீர் மாதிரி அசைந்தது. வேலை செய்தவர்கள் எல்லாம் போன பிறகும் அது பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்க்காமல் மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் சின்ன அறை. பச்சை வண்ணம் அடித்த பீரோ, ஒரு கம்ப்யூட்டர், மூலையில் உர மூட்டை. ஆபீசரம்மா எங்களை உட்காரச் சொன்னார். சுவரோரத்தில் குடைக்காரர் நின்றிருந்தார். தப்பு தன்னுடையதோ என்று முகம் வாடியிருந்தது. ஆபீசரம்மா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "சொல்லுங்க ஐயா. உங்க வயல்ல என்ன பயிர் இருக்கு, எப்படி இருக்கு?" என்றார்.

அண்ணன் "ஒண்ணு..." என்று தொடங்கிவிட்டார். அண்ணி நாற்காலியில் அசைந்தார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை.

பிறகு எழுந்து நின்று, "அம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமா?" என்று கேட்டார்.

ஆபீசரம்மாவுக்குப் புரியவில்லை. புழுக்கமாக இருக்குமே ஐயா என்றார். அதற்குள் குடைக்காரர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டார். அண்ணன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். நான் போய் அதையும் நிறுத்தினேன். றெக்கைகள் மெதுவாகி மெதுவாகி நின்றன. அறைக்குள் எதுவும் அசையவில்லை. அண்ணன் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நாட்டுச் சோளம் போட்டிருக்கேன்மா. நல்லா வந்திருக்கு."

சொல்லிவிட்டு நிறுத்தினார். ஏதாவது ஆகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அவருக்கே நிறுத்தத் தெரியவில்லை.

"என் உசரத்துக்கு மேல நிக்குது. உள்ள போயிட்டா நான் இருக்கிறது வெளிய தெரியாது. காலையில பனி விழுந்து தோகையெல்லாம் கனமா தொங்கும். நடந்தா சட்டை நனைஞ்சிடும். கதிரு எல்லாம் ஒரே சீரு, இது பெருசு அது சிறுசுன்னு கிடையாது. பிடிச்சா உள்ளங்கை நிறையும். முந்தியெல்லாம் நகத்தால கீறினா பால் வந்துச்சு, இப்ப பால் இறுகி மாவாயிட்டு வருது. மத்தியானம் உள்ள போய் உக்காந்தா ஒரு வாசம் வரும். அதை எனக்குச் சொல்லத் தெரியலம்மா. தூக்கம் வரும். அப்படியே தூங்கிப் போயிடுவேன், இவதான் வந்து எழுப்புவா. நான் சால் மட்டும்தான் ஓட்டினேன். விதை இவ கை. ஒரு இடத்துல கூடச் சந்து விழல. இவ கை அப்படி. இந்த மாதிரி ஒரு பயிரு அந்த மண்ணுல நான் பாத்ததில்ல."

ஆபீசரம்மாவின் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே இருந்தன. குடைக்காரர் சாத்திய ஜன்னலில் சாய்ந்துகொண்டு, எங்கோ அந்தச் சோளத்துக்குள் நிற்பவர் போலக் கண்ணை மூடியிருந்தார். அண்ணி உர மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எழுதியிருந்ததைப் படிப்பவர் மாதிரி உதடு அசைந்தது.

"அவ்வளவுதானா ஐயா?" என்று ஆபீசரம்மா மெதுவாகக் கேட்டார்.

"அவ்வளவுதாம்மா."

அவர் தட்டியதை நான் எட்டிப் பார்த்தேன். பயிர்: சோளம். நிலை: நன்று. இரண்டே வரி. எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு, அவரும்தான் என்ன செய்வார், படிவத்தில் இருந்த இடம் அவ்வளவுதான் என்று ஆறிக்கொண்டேன். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் ஆள் வரும் என்றார்கள். வெளியே வந்த பிறகு அண்ணன் நினைவு வந்தவராகத் திரும்பிப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் காற்று அடித்தது.

மழையெல்லாம் இல்லை. வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. நான் வழக்கம் போல அரைக்கண்ணில் இருந்தேன். தோகை உரசுகிற சத்தம் திடீரென்று நின்றது. நின்றதால்தான் முழித்துக்கொண்டேன். அடுத்து வாய்க்கால் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு போல வந்து, சோளத்தின் ஓரமாக ஏறி, ஒரு மூலையை அப்படியே படுக்க வைத்துவிட்டுப் போனது. என் கடைத் தகரம் ஒன்று பறந்து பாலத்தில் விழுந்தது. அவ்வளவுதான். டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. அதன் பிறகு ஒன்றுமே நடக்காதது போல வெயில் அடித்தது.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் அண்ணி போய் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வயலின் நடுவும் அந்தப் பக்கமும் அப்படியே நின்றன. இந்த மூலைதான் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்து, கதிர் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டிலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. வரப்பில் நின்று பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரப்போகிறது என்று நானும் அண்ணியும் காத்திருந்தோம். சொன்னேனா இல்லையா என்று கேட்பார். அதோடு பேக்கரிதான், சுவரைப் பார்த்த ஜன்னல்தான்.

"நான்தான் உங்களைச் சொல்ல வச்சேன்" என்றார் அண்ணி. "நான்தான் கேக்காம..."

அண்ணன் குனிந்து நாலைந்து தட்டைகளைச் சேர்த்து நிமிர்த்தினார். ஒரு குழந்தையைத் தூக்கத்திலிருந்து தூக்குகிற மாதிரி, தலையைத் தாங்கிப் பிடித்துத்தான் தூக்கினார். அவற்றின் தோகையையே முறுக்கி நடுவில் ஒரு முடிச்சுப் போட்டார். விட்டார். ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அவை நின்றன.

"வேர் அறல. ராத்திரிப் பனி குடிச்சா நிமிந்துக்கும்" என்றார். "பாத்துக்கிட்டு நிக்காத. அந்தப் பக்கத்திலேருந்து கட்டிக்கிட்டு வா."

மூன்று பேரும் கட்டினோம். அன்றைக்கு என் கடைக்கு யார் வந்தார்கள், யார் திட்டிவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தோகை கையை அறுத்தது. கழுத்தில் சுணை அரித்தது. படுத்த சோளத்துக்குள் மண்டியிட்டு ஊர்ந்து போகும்போது அண்ணன் சொன்ன அந்த வாசம் எனக்கும் வந்தது. எனக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை.  எப்போதும் வாய் ஓயாத அண்ணி "ம்" என்றுகூடச் சொல்லாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தார்.

குடைக்காரர் சொன்னபடி அதற்கடுத்த நாள் காலையில் வந்தார். நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். இந்தத் தடவை அவர் பாலத்தில் நிற்கவில்லை. குடையை என் கடையில் வைத்து, ஷூவையும் கழற்றிவிட்டு, பேன்டை மடித்துக்கொண்டு நேராகச் சோளத்துக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் ஆளே தெரியவில்லை. எங்கேயோ தோகை விலகுகிற சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது சட்டை பனியில் நனைந்து ஒட்டியிருந்தது, தலை முழுக்கச் சோளப்பூத் தூசி. காய்ச்சலில் கனவு கண்டு எழுந்த பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்.

ஒரு மூலை சாய்ந்தது கணக்கில் வராது, பயிர் இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன், அடுத்த பட்டியலில் மானியம் விழுந்துவிடும் என்றார். அண்ணி கையில் பிடித்திருந்த தட்டைகளை விடாமலே ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டார். மாவு பிசைய வேற ஆள் பாத்துக்கடா என்று சொல்லிவிட்டு, அவன் என்ன சொன்னான் என்று கேட்காமல் வைத்தார். அப்புறம் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

குடைக்காரர் போகிற அவசரத்தில் இல்லை. கொஞ்சம் தயங்கி, புதிதாகக் கற்ற பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி அண்ணனைப் பார்த்து, "ஐயா, ஏதோ இருக்கு போல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் குடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க ஐயா? அன்னைக்கு ஆபீஸ்ல ரொம்ப வாட்டமா இருந்தாங்களே" என்று குடைக்காரர் அண்ணியின் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அண்ணி வரிசையின் கோடியில் குனிந்திருந்தார். தலையில் தோகைத் துணுக்கு, புறங்கை முழுக்கக் கீறல், புடவை முழங்கால் வரை சேறு. எங்கள் பேச்சு காதில் விழுகிற தூரம்தான். காற்றும் இருந்தது, லேசாக, நிமிர்த்திக் கட்டிய கதிர்களை அசைத்துக்கொண்டு. சாத்துவதற்கு அங்கே ஜன்னல் கிடையாது. அண்ணன் அந்தக் காற்றையும் ஒரு தரம் பார்த்தார்.

"நல்லா இருக்கா" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். "ரொம்ப நல்லா இருக்கா."

அண்ணியின் கை முடிச்சில் நின்றது. தலையைத் தூக்கவில்லை.

"மெதுவா சொல்லுங்க" என்றார். "காத்து கேக்குது."